பெயருக்குக் கீழே ஆர்க்கிடெக்ட்: அமெரிக்க உரிமத் தேர்வுக்குத் தயாராவது

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பை முடித்து ஓர் ஆஃபீஸில் சேர்ந்தவர்களுக்கு, முதல் விசிட்டிங் கார்டு கைக்கு வரும்போதுதான் விஷயம் உறைக்கும். பெயருக்குக் கீழே 'டிசைனர்' என்று இருக்கும். ஊரில் ஐந்து வருட பி.ஆர்க். முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு எண் வாங்கி, நாலைந்து வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவராக இருந்தாலும் இதே நிலைதான். அங்கே மாநில உரிமம் இல்லாதவர் தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. கார்டில் மட்டுமல்ல, மின்னஞ்சலின் அடியிலும் லிங்க்டுஇன் பக்கத்திலும் போடக் கூடாது.

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அந்தப் பட்டப்பெயரைப் பாதுகாக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் கையில் இருந்தால் பதிவு கிடைத்துவிடும். அதனால் படிப்பு முடிந்த பிறகு இன்னொரு பரீட்சை என்பது நமக்குப் பழக்கமில்லாத எண்ணம். அமெரிக்காவில் உரிமத்துக்கு மூன்று தூண்கள்: படிப்பு, பணி அனுபவம், தேர்வு. மூன்றும் முடிந்த பிறகுதான் மாநில வாரியம் உரிமம் தரும். கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால், சராசரியாக ஒருவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 'இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம்' என்று திட்டமிட்டு, முடியாதபோது மனம் உடைந்து கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உரிமச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் இல்லினாய், 1897இல். அடுத்த ஆண்டே அங்கே உரிமம் பெற்ற மேரியன் மஹோனி, அந்த நாட்டில் உரிமம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். கான்பெரா நகரைத் திட்டமிட்ட வால்டர் பர்லி கிரிஃபினின் மனைவி அவர். கிரிஃபின் தன் கடைசிக் காலத்தில் இந்தியாவில் வேலை செய்து 1937இல் லக்னோவில் இறந்தபோது மேரியனும் அங்கேதான் இருந்தார். கடைசியாகச் சட்டம் இயற்றிய வெர்மான்ட்டும் வயோமிங்கும் 1951 வரை எடுத்துக்கொண்டன. இன்று 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், நான்கு தீவுப் பகுதிகள் என 55 வாரியங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான தேர்வை நடத்துவது 1919இல் தொடங்கப்பட்ட என்கார்ப் என்ற அமைப்பு. தேர்வின் பெயர் ஏ.ஆர்.இ.; இப்போது நடப்பில் உள்ளது 2016 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு.

இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரே காரணத்துக்காக வந்தவை: பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு. இந்த மூன்று சொற்களையும் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கற்பனைத் திறனையோ ரசனையையோ இந்தத் தேர்வு அளப்பதில்லை. உங்கள் கையெழுத்தை நம்பி ஒரு கட்டடத்துக்குள் ஆட்கள் போய்வரலாமா என்பதைத்தான் அது கேட்கிறது. நம் பிள்ளைகள் தோற்பதற்கு முக்கியமான காரணம் அறிவுக் குறைவு இல்லை. கேட்பது இதுதான் என்று புரியாமல், ஸ்டூடியோவில் ஜூரி முன்னால் நின்று பேசுவதைப் போலப் பதில் சொல்வதுதான்.

பட்டத்தில் உள்ள பொறி

இதை இன்னும் விமானம் ஏறாதவர்களும் படிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் நாப் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைக் கேட்கின்றன. பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அங்கே தரும் எல்லாப் பட்டங்களும் அங்கீகாரம் பெற்றவை என்று நினைத்துவிடாதீர்கள். நாப் அங்கீகரிப்பது பல்கலைக்கழகத்தை அல்ல, குறிப்பிட்ட தொழில்முறைப் பட்டத்தை. ஏற்கெனவே பி.ஆர்க். படித்தவர்களுக்கென்று நடத்தப்படும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முதுநிலைப் படிப்புகளும், நகர வடிவமைப்பு, கட்டட அறிவியல் போன்ற எம்.எஸ். படிப்புகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஒரே துறையில், ஒரே மாடியில் நடக்கும் இரண்டு எம்.ஆர்க். படிப்புகளில் ஒன்றுக்கு அங்கீகாரம் இருக்கும், மற்றதற்கு இருக்காது.

அதற்காக அந்தக் குறுகிய படிப்புகள் வீண் என்று சொல்ல மாட்டேன். அவற்றில் சேர்ந்தவர்கள், ஊரில் வாங்கிய பி.ஆர்க். பட்டத்தை நாப் நடத்தும் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இஇஎஸ்ஏ என்று பெயர். ஐந்து வருடப் பாடத்திட்டம் முழுவதையும் பாட விவரங்களுடன் அனுப்ப வேண்டும். ஏதாவது பாடத்தில் பற்றாக்குறை என்று வந்தால் அதை மட்டும் தனியாகப் படித்து நிரப்ப வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கல்லூரியில் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முத்திரையோடு வாங்கிவைத்துவிடுங்கள். ஏழு வருடம் கழித்து நியூ ஜெர்சியிலிருந்து போன் போட்டு, பழைய ரெகுலேஷன் சிலபஸைத் தேடித் தரும்படி ஆஃபீஸ் ஊழியரிடம் கெஞ்சுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் அங்கீகாரப் பட்டம் இல்லாமலும், கூடுதல் வருட அனுபவத்தைக் காட்டி உரிமம் பெறும் வழி உண்டு. ஆனால் அப்படிப் பெற்ற உரிமத்தை வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போகும்போது சிக்கல் வரலாம். வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியாத நம்மைப் போன்றவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

3,740 மணி நேரம்

தேர்வைப் பற்றிய அத்தியாயத்தில் பணி அனுபவக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டுக்கும் ஒரே ஆறு தலைப்புகள். ஒன்றுக்குப் படித்தது மற்றதற்கு உதவும் என்பதால் சேர்த்தே நடத்த வேண்டும். ஏ.எக்ஸ்.பி. என்ற அந்த அனுபவத் திட்டத்தில் மொத்தம் 3,740 மணி நேரம் காட்ட வேண்டும். தொழில் நிர்வாகத்துக்கு 160, திட்ட நிர்வாகத்துக்கு 360, தேவை ஆய்வுக்கு 260, வடிவமைப்புக்கு 1,080, வரைபடமும் விவரக்குறிப்பும் தயாரிப்பதற்கு 1,520, கட்டுமானக் காலப் பணிகளுக்கு 360. வாரம் 40 மணி வேலை என்றால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும் போலத் தோன்றும். நடைமுறையில் முடியாது. ரெண்டரிங் நன்றாக வருகிறது என்று தெரிந்தால் ஆஃபீஸ் உங்களை அதிலேயே உட்காரவைத்துவிடும். வடிவமைப்புக் கட்டம் நிரம்பி வழியும். சைட் கட்டம் காலியாகவே கிடக்கும். வாரம் ஒரு நாள் சைட் மீட்டிங்குக்கு அழைத்துப்போகச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

மணிக்கணக்கை எட்டு மாதத்துக்குள் பதிவு செய்தால்தான் முழு மதிப்பு. அதைத் தாண்டினால், ஐந்து வருடம் வரை, பாதிதான். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கூச்சப்பட்டு, பதினான்கு மாதம் கழித்துத்தான் மொத்தமாகப் பதிவு செய்தேன். முதல் ஆறு மாத உழைப்பு பாதியாகக் கரைந்துபோனது. படிப்பு முடித்த மாணவர்களுக்குத் தரப்படும் ஓ.பி.டி. வேலை அனுமதியில் ஒரே ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நேரிடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம் வேலை செய்த காலத்தில் ஒரு பகுதியையும் அவர் ஒப்புதலோடு காட்ட வழி இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ பாதி, குறைந்தது 1,860 மணி நேரம், அங்கே உரிமம் பெற்றவரின் கீழ் ஓர் ஆர்க்கிடெக்சர் ஆஃபீஸில் செய்ததாக இருக்க வேண்டும்.

ஆறு தாள்கள்

பிராக்டிஸ் மேனேஜ்மென்ட் தாளில் 65 கேள்விகள், 2 மணி 40 நிமிடம். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், ப்ரோகிராமிங் அண்ட் அனாலிசிஸ், கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் எவால்யுவேஷன் மூன்றிலும் தலா 75 கேள்விகள், 3 மணி நேரம். பெரிய தாள்கள் இரண்டு: பி.பி.டி. என்று சொல்லப்படும் வடிவமைப்புத் தாளும், பி.டி.டி. என்ற வரைபடத் தாளும். தலா 100 கேள்விகள், 4 மணி 5 நிமிடம். எந்தத் தாளாக இருந்தாலும் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

எந்த வரிசையிலும் எழுதலாம். என் தீர்ப்பு இது: பிராக்டிஸ், ப்ராஜெக்ட், கன்ஸ்ட்ரக்‌ஷன் மூன்றையும் முதலில் அடுத்தடுத்து எழுதுங்கள். மூன்றுக்கும் அடித்தளம் ஒப்பந்தங்கள்தான். அதன் பிறகு அனாலிசிஸ். கடைசியில் பெரிய தாள்கள் இரண்டையும் ஒரு மாத இடைவெளிக்குள் எழுதிவிடுங்கள். பாடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் ஒரே படிப்பு இரண்டுக்கும் ஆகும். 'எனக்கு டிசைன்தான் பலம், அதனால் பி.பி.டி.யை முதலில் எழுதுகிறேன்' என்று இறங்காதீர்கள். நான் அப்படித்தான் இறங்கினேன். இரண்டு முறை தோற்றேன்.

ஊர்ப் பழக்கம் எங்கே இடறும்

ஒரு கேள்வியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நானே எழுதியது, தேர்வில் வந்ததில்லை. சைட்டுக்குப் போகிறீர்கள். சாரம் சரியாகக் கட்டப்படவில்லை, மேலே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்? தஞ்சாவூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்தவர் என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டு, வேலையை நிறுத்தி, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நின்று காட்டிவிட்டுத்தான் நகர்வார். நம் ஊரில் நல்ல ஆர்க்கிடெக்டுக்கு அதுதான் இலக்கணம். அங்கே அந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் இல்லை.

காரணம், அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளின் சங்கமான ஏ.ஐ.ஏ. வெளியிட்டு, அங்கே பரவலாகப் பயன்படும் ஒப்பந்தங்களின் பொது நிபந்தனைகள், ஏ201 என்ற ஆவணம். வேலையை எந்த முறையில் செய்வது, எந்த வரிசையில் செய்வது, ஆட்களின் பாதுகாப்பு எல்லாமே காண்ட்ராக்டரின் பொறுப்பு என்கிறது அது. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கட்டட உரிமையாளருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. சாரம் இப்படிக் கட்டு என்று நீங்கள் சொல்லி, பிறகு அது சரிந்தால் பழி உங்கள் தலையில் விழும். ஆபத்தைக் கண்டால் காண்ட்ராக்டரின் பொறுப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும், உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். எப்படிச் சரிசெய்வது என்று சொல்லித் தரக் கூடாது. வரைபடத்துக்கு மாறாகக் கட்டியிருந்தால் அந்த வேலையை நிராகரிக்கும் அதிகாரம் மட்டும் உங்களிடம் இருக்கிறது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் கன்ஸ்ட்ரக்‌ஷன் தாளில் குழப்பம் தரும் கேள்விகளில் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

மாற்றங்களும் அப்படியே. நம் ஊரில் சைட்டில் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்தாலே மாற்றம் நடந்துவிடும். ஏ201இல் மூன்று படிகள். உரிமையாளர், ஆர்க்கிடெக்ட், காண்ட்ராக்டர் மூவரும் கையெழுத்திட்டால் சேஞ்ச் ஆர்டர். காண்ட்ராக்டர் விலைக்கோ காலத்துக்கோ ஒப்புக்கொள்ளாதபோது, உரிமையாளரும் ஆர்க்கிடெக்டும் மட்டும் கையெழுத்திட்டு வேலையைத் தொடரச் சொல்வது கன்ஸ்ட்ரக்‌ஷன் சேஞ்ச் டைரக்டிவ். விலையும் காலமும் மாறாத சின்ன மாற்றத்துக்கு ஆர்க்கிடெக்டின் உத்தரவே போதும். பில் வந்தால் ஏழு நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது தராத காரணத்தை எழுத வேண்டும். காண்ட்ராக்டர் கோரிக்கை எழுப்ப 21 நாள். வேலை பெருமளவு முடிந்த நாளிலிருந்து ஓராண்டு வரை குறைகளைத் திருத்தும் கடமை. இந்த எண்கள் மனப்பாடம் ஆகும்வரை ஏ201ஐ வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். வறண்ட ஆவணம்தான். ஆனால் அதைவிடப் பயன் தரும் நாற்பது பக்கம் இந்தத் தேர்வுக்கு வேறு இல்லை.

அடுத்து சூரியன். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். வடக்குச் சுவரிலும் வெயில் விழும். அமெரிக்காவின் நிலப்பரப்பில் தென்கோடியான கீ வெஸ்ட்கூடக் கடக ரேகைக்கு வடக்கேதான். ஹவாய் தவிர வேறெந்த மாநிலத்திலும் நண்பகல் சூரியன் வடக்கே வராது. அதனால் தெற்குக் கண்ணாடி அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வரம். மேலே அளவான ஒரு நீட்டிப்பு வைத்தால் கோடை வெயிலையும் தடுத்துவிடும். கேள்வியைப் படித்ததும் கை தானாகத் தெற்கை அடைக்கப் போகும். நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈரமும் அப்படியே தலைகீழ். சென்னையில் வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. மினியாபொலிஸில் குளிர்காலத்தில் உள்ளே கதகதப்பும் ஈரமும், வெளியே உறைபனி. ஈரம் உள்ளிருந்து சுவருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகும், மரச்சட்டம் அழுகும். ஆகவே ஆவியைத் தடுக்கும் படலம் கதகதப்பான பக்கத்தில், அதாவது உட்பக்கம் வரவேண்டும். மயாமி போன்ற ஊர்களில் நம் ஊர்க் கணக்குத்தான். கேள்வியில் ஊர்ப்பெயர் கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. அங்கே உறைபனி எவ்வளவு ஆழம் இறங்கும், அஸ்திவாரம் அதற்குக் கீழே போயிருக்கிறதா, நிலநடுக்கமா புயலா என்று அந்த ஒரு பெயரிலிருந்தே யோசிக்கத் தொடங்க வேண்டும்.

மர வீடு நமக்கு அந்நியம். ஆர்.சி.சி. ஃபிரேம் போட்டு நடுவில் செங்கல் வைத்துப் பழகிய நமக்கு மரம் என்றால் நிலையும் கதவும்தான். அங்கே சாதாரண வீடு முழுவதும் மரச்சட்டம். இரண்டுக்கு நாலு என்று சொல்லும் சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம் என்பதிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். பிரான்சிஸ் சிங்கின் 'பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லஸ்ட்ரேட்டட்' புத்தகத்தைக் கல்லூரியில் படம் பார்த்துவிட்டு மூடிவைத்திருப்போம். இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். முடிந்தால் சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெருவில் எழும்பும் வீட்டை வேலி ஓரத்தில் நின்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் பத்து வீடியோவுக்குச் சமம்.

அடி, அங்குலத்துக்கு நாம் பயப்படத் தேவையில்லை. நம் மனை வியாபாரமே அதில்தான் நடக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி என்று பத்திரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே சக தேர்வர்கள் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யும் எண் அது.

விதிநூலில் சில எண்கள் விரல்நுனியில் இருக்க வேண்டும். சரிவுப்பாதை பன்னிரண்டுக்கு ஒன்று, ஒரே ஓட்டத்தில் 30 அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. சக்கர நாற்காலி திரும்ப 60 அங்குல வட்டம். கதவின் திறப்பு 32 அங்குலம். படி உயரம் 7 அங்குலத்துக்கு மிகாமல், அகலம் 11 அங்குலத்துக்குக் குறையாமல். மிச்சத்தை, விதிநூல் பகுதி கொடுக்கப்பட்டால் அதில் வேகமாகத் தேடிப் பிடிக்கப் பழகுங்கள்.

ஆள் எண்ணிக்கைக் கணக்கைக் கல்யாண மண்டபத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். 3,000 சதுர அடி ஹால். மேசை நாற்காலி போட்டுப் பந்தி என்றால் தலைக்கு 15 சதுர அடி, 200 பேர். மேசையை எடுத்துவிட்டு நாற்காலி மட்டும் நெருக்கிப் போட்டால் தலைக்கு 7, அதாவது 428 பேர். நின்றபடி நிகழ்ச்சி என்றால் தலைக்கு 5, 600 பேர். அதே சுவர், அதே கூரை. ஆனால் 500ஐத் தாண்டியதும் இரண்டு வெளிவாசல் போதாது, மூன்று வேண்டும். இந்தக் கணக்கைப் போடும்போது எனக்குக் கும்பகோணம் பள்ளிதான் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் அங்கே கருகிப்போனார்கள். கீற்றுக் கூரை, குறுகலான வழி, ஒரே கட்டடத்துக்குள் அளவுக்கு மீறிய பிள்ளைகள். அமெரிக்கத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் இந்த எண், யாரோ ஒருவர் வெளியே ஓடிவர முடிந்ததா என்பதைத் தீர்மானிக்கும் எண். அப்படி நினைத்துப் படித்தால் மறக்காது.

படிப்பதற்கான வழி

நம் பழக்கத்தில் முதல் கேள்வி 'போன தடவை என்ன கேட்டார்கள்?' என்பதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட வினாத்தாளைப் புரட்டிப் பாஸ் செய்தவர்கள் நாம். இங்கே அதை அடியோடு மறந்துவிடுங்கள். தேர்வு தொடங்கும் முன் ரகசிய உறுதிமொழிக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். கேள்வியை வெளியே சொல்வதும், வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். மதிப்பெண் ரத்தாகலாம், வாரியத்தின் முன் உங்கள் நேர்மையே கேள்விக்கு உள்ளாகும். என்கார்ப் ஒவ்வொரு தாளுக்கும் முழு நீள மாதிரித் தேர்வை இலவசமாகத் தருகிறது. அதுவும் அவர்களின் வழிகாட்டிக் கையேடும் முதல் ஆதாரம். விலை கொடுத்து வாங்கும் பயிற்சிகளை அதன் பிறகு பாருங்கள்.

வேலையோடு படிப்பவருக்குச் சின்னத் தாளுக்கு ஐந்தாறு வாரம், பெரிய தாளுக்கு எட்டுப் பத்து வாரம் என்பது என் கணக்கு. 'எல்லாம் படித்த பிறகு தேதி வாங்குகிறேன்' என்றால் தேதியே வராது. தேதியை வாங்கிவிட்டுப் படிக்க உட்காருங்கள். ஒரு தாளுக்கே இருநூறு டாலருக்கு மேல் கட்டணம். சில ஆஃபீஸ்கள் தேர்ச்சி பெற்றால் திருப்பித் தரும். சேரும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து படிக்க இரண்டு மூன்று பேர் கிடைத்தால் நல்லது. கேள்வியைத் தமிழில் பேசிப் பார்த்துக்கொள்வது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. 'முதலில் செய்ய வேண்டியது', 'மிகப் பொருத்தமானது' என்ற இரண்டு சொற்களில்தான் கேள்வியின் உயிர் இருக்கும். நான்கு விடைகளும் சரியாகத் தோன்றும்போது இந்தச் சொற்களுக்குத் திரும்பிப் போங்கள்.

தேர்வு நாள்

முதலில் பெயர். இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, விசாவில் முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' அச்சாகி, ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் பின்னால் வந்து, என்கார்ப் கணக்கில் வெறும் இனிஷியலோடு பதிவு செய்திருப்போம். அடையாள அட்டையில் உள்ள பெயரும் தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் போய்விடும். கணக்குத் தொடங்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து உள்ளிடுங்கள்.

காகிதம், பேனா கிடையாது. திரையில் ஒரு வரைபலகை, ஒரு கால்குலேட்டர். அதில் கிறுக்கிப் பழகாமல் போனால் எளிய கணக்குக்கும் நேரம் போகும். இன்னொரு விதி பலரை வீழ்த்துகிறது: இடைவேளை எடுத்துவிட்டால், அதற்கு முன் பார்த்த கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. விடை எழுதாமல் குறி போட்டு விட்டவையும் பூட்டிக்கொள்ளும். ஆகவே எழுந்திருக்கும் முன் பார்த்த எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிடுங்கள். தவறான விடைக்குக் கழிவு மதிப்பெண் இல்லை. 'பொருந்துவன எல்லாம்' வகைக் கேள்வியில் மட்டும் எத்தனை கேட்கிறார்களோ அத்தனையும் சரியாக இருக்க வேண்டும், பாதி மதிப்பெண் கிடையாது.

தோற்றால்

ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஒரு தாளில் தேர்ச்சி பெறுகிறார்கள். ஆகவே ஒரு முறையாவது தோற்பதை உங்கள் காலக்கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள். வீட்டில் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். பள்ளியில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளை தோற்றுவிட்டது என்று மறைத்து, அந்த மன அழுத்தத்திலேயே அடுத்த தாளையும் எழுதித் தோற்றவர்கள் உண்டு. 60 நாள் கழித்து மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் ஒரே தாளை மூன்று முறை எழுதலாம். 550 தேர்ச்சி மதிப்பெண். எந்தப் பிரிவில் தடுமாறினீர்கள் என்று மதிப்பெண் அறிக்கை காட்டும். அந்த 60 நாளில் இன்னொரு தாளை எழுதிவிடுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

முன்பு ஒரு கொடுமையான விதி இருந்தது. தேர்ச்சி பெற்ற தாள் ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும். பிள்ளைப்பேற்றுக்காக நிறுத்தியவர்கள், விசா கிடைக்காமல் திரும்பியவர்கள், அப்பா அம்மா உடம்புக்கு முடியாமல் ஊருக்கு வந்தவர்கள் எனப் பலர் நான்கு தாள் முடித்தும் பூஜ்யத்துக்கு வந்தார்கள். 2023 மே முதல் அது மாறிவிட்டது. இப்போது தேர்ச்சி பெற்ற தாள், அந்தத் தேர்வுப் பதிப்பு நடப்பில் இருக்கும் வரையிலும், அதற்கு அடுத்த பதிப்பிலும் செல்லும். பழைய விதியால் மனம் வெறுத்து விட்டுவிட்டவர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இறந்ததாக நினைத்த தாள் உயிரோடு இருக்கலாம்.

ஆறும் முடிந்த பிறகு மாநில வாரியத்துக்கு விண்ணப்பம். கலிஃபோர்னியாவில் தனியாக இன்னொரு தேர்வு உண்டு. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளின் ஆர்க்கிடெக்டுகளுக்குப் பரஸ்பர ஒப்பந்தத்தால் குறுக்குவழி இருக்கிறது. இந்தியப் பதிவை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது. நமக்கு ஆறு தாளும் எழுதுவதுதான் வழி.

இந்த அத்தியாயத்தை மூடியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்கார்ப் கணக்கைத் தொடங்குங்கள். வேலையில் இருப்பவர்கள் கடந்த எட்டு மாத மணிக்கணக்கை இன்று இரவே பதிவு செய்துவிடுங்கள்; நாளை காலையில் மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் கேளுங்கள்.